தூத்துக்குடியிலிருந்து ஒரு நாள்: வேன் பேக்கேஜும் வாடகைக் காரும்

தூத்துக்குடிக்கு உறவினர்கள் வந்தால் முதல் நாள் ஊருக்குள்ளேயே போய்விடும். பனிமய மாதா பேராலயம், பழைய துறைமுகம், முயல் தீவுக் கடற்கரை, திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் மக்ரூன், இரவு பரோட்டாக் கடை. இரண்டாம் நாள் எங்கே போவது என்பதுதான் கேள்வி. அதற்கு இந்த ஊரில் இரண்டு விதமாகப் பதில் விற்கிறார்கள். ஒன்று, "நவதிருப்பதி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி: எல்லாம் ஒரே நாளில்" என்று தட்டி வைத்திருக்கும் வேன் பேக்கேஜ் (நவதிருப்பதி என்பது தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஒன்பது பெருமாள் கோயில்கள்). மற்றொன்று, ஓட்டுநரோடு வரும் வாடகைக் கார். துறைமுகம் சார்ந்த ஒரு கிளியரிங் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள் நான். கணவர் வீட்டார் கோயம்புத்தூர். ஒவ்வொரு விடுமுறைக்கும் யாராவது வருவார்கள், அழைத்துப் போவது என் பொறுப்பு. இரண்டு வகையிலும் போய்ப் பார்த்துவிட்டேன். காரில் போங்கள், அதுவும் உள்ளூர் ஓட்டுநரோடு போங்கள் என்பதே என் தீர்ப்பு. காரணத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடகையைப் பார்த்து வேனைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம்.

வேனில் போன நாளை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. என் அத்தைக்கு எழுபது வயதுக்கு மேல். சிறு வயதிலிருந்து திருவாய்மொழி சொல்லி வளர்ந்தவர். நம்மாழ்வார் பாடிய ஊர்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அத்தனை தூரம் ரயிலில் வந்தவர். விடிந்ததும் புறப்படும் என்று சொன்ன வேன், விடுதி விடுதியாக ஆள் ஏற்றிக்கொண்டு, சிற்றுண்டிக்கு நிறுத்தி, ஸ்ரீவைகுண்டம் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. ஒவ்வொரு கோயில் வாசலிலும் "பத்து நிமிடம், பத்து நிமிடம்" என்று வழிகாட்டி கையைத் தட்டினார். இரட்டைத் திருப்பதிக்குப் போனபோது நடை சாத்தியாகிவிட்டது. வெளியிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளச் சொன்னார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுகின்ற தார்ச்சாலையில் நின்று, பூட்டிய கதவைப் பார்த்து அத்தை கைகூப்பினார். அதன் பிறகு திருச்செந்தூர்க் கூட்டத்தில் மாலை போய், மணப்பாட்டுக்கு வண்டி இருட்டில் போய் நின்றது. கடல் இருக்கும் திசையில் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. உவரியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பட்டியலில் இருந்த ஊர்களில் பாதிக்கு மேல் வண்டி போனது உண்மைதான். நாங்கள் எதையும் பார்க்கவில்லை.

இந்தப் பக்கத்து நாளுக்கு இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று கோயில் நடை. நவதிருப்பதிக் கோயில்களில் பெரும்பாலானவை நண்பகலில் சாத்தி மாலையில்தான் திறக்கும். சிறிய கோயில்களில் பட்டர் பூஜையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் திறக்க ஆளிருக்காது. இன்னொன்று வெயில். மாசி பிறந்துவிட்டால் காலை பதினோரு மணிக்கே கல்லும் மணலும் கால் வைக்க விடாது. ஆகவே இங்கே பயன்படுவது விடியற்காலையும் சாயங்காலமும். நடுப்பகலைக் கூரைக்குக் கீழே கழிக்கத் தெரிய வேண்டும். ஊர்களின் எண்ணிக்கையை வைத்துப் போடும் திட்டம் எதுவும் இந்த இரண்டு கடிகாரங்களையும் பார்ப்பதில்லை.

இப்போது நாங்கள் வழக்கமாகக் கூப்பிடும் அண்ணாச்சி ஏரல் பக்கத்துக்காரர். சொந்தக் கார், தானே ஓட்டுகிறார். முதல் தடவை தொலைபேசியில் பேசியபோது அவர் கேட்டதே எனக்குப் பிடித்துவிட்டது. "பெரியவர்கள் யாராவது வருகிறார்களா? படி ஏறுவார்களா?" அதற்குப் பிறகுதான் எந்த ஊர் என்று கேட்டார். நான் பட்டியலை வாசித்ததும், "அக்கா, ஆற்றுப் பக்கம் ஒரு நாள், தேரிப் பக்கம் ஒரு நாள். இரண்டையும் சேர்க்காதீர்கள்" என்றார். தேரி என்றால் திருச்செந்தூரை ஒட்டிய செம்மணல் மேட்டுப் பகுதி. அத்தையை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார். கோயில் வாசலுக்கு எவ்வளவு அருகே முடியுமோ அவ்வளவு அருகே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, கதவைத் திறந்து, இறங்குவதற்கு முன் முதலில் செருப்பில்லாமல் தான் இறங்கித் தரை சுடுகிறதா என்று பார்ப்பார்.

ஆற்றுப் பக்கத்து நாளை அவர் அமைக்கும் விதம் இது. இருட்டோடு கிளம்பி, காலையில் தாமிரபரணியின் வடகரை. ஸ்ரீவைகுண்டம், வரகுணமங்கை, திருப்புளியங்குடி, இரட்டைத் திருப்பதி, பெருங்குளம். இரட்டைத் திருப்பதியில் இரண்டு கோயில்கள், ஆக வடகரையிலேயே ஆறு முடிந்துவிடும். பிறகு சாப்பாடு, ஓய்வு. தென்கரையில் இருக்கும் திருக்கோளூர், தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி மூன்றும் மாலை நடை திறந்த பிறகு. எந்தக் கோயிலில் பட்டர் முதலில் கிளம்புவார், எதை முந்திப் பார்த்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தேவைப்பட்டால் முன்னதாகவே ஒரு போன் செய்துவிடுவார்.

ஸ்ரீவைகுண்டத்தில் பெருமாள் நிற்கிறார். சிறிது தூரத்தில் வரகுணமங்கையில் அமர்ந்திருக்கிறார். அடுத்து புளியங்குடியில் கிடக்கிறார். மூன்று ஊர்களையும் மூன்று கோலங்களையும் நம்மாழ்வார் ஒரே அடிக்குள் பாடிவிட்டார். அவர் புளியங்குடியில் தொடங்கி வைகுந்தத்தில் முடிக்கிறார், நாங்கள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து எதிர்த்திசையில் போனோம். காரில் அத்தை அந்த அடியை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். புளியங்குடிப் பெருமாள் மிகப் பெரிய திருமேனி. சந்நிதிக்குள் நின்றால் திருவடி கண்ணில் படாது. அதைப் பார்க்க வெளியே வந்து பிராகாரத்தில் சுற்றிப் போக வேண்டும், சுவரில் ஒரு சாளரம் இருக்கிறது. அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நெற்றியைச் சுவரில் ஒட்டி உள்ளே பார்த்தார். முதலில் இருட்டு. கண் பழகியதும் விளக்கொளியில் பாதம் தெரிந்தது. வெகு நேரம் நகரவில்லை. அண்ணாச்சி தூரத்தில் நின்றுகொண்டு, அவசரமே இல்லை என்று எனக்குக் கையால் சைகை காட்டினார். வேனில் போனபோது அந்தச் சாளரம் இருப்பதையே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மதியத்துக்கு ஆதிச்சநல்லூர். பெயர் கேள்விப்பட்டவர்கள் அதிகம், போனவர்கள் குறைவு. ஆற்றின் தென்கரையில் ஏறத்தாழ 114 ஏக்கர் பரம்பு மேடு, இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழங்கால இடுகாடு. 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அதன் பின் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது கிடைத்த வெண்கலப் பொருள்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2021இல் மறுபடி தொடங்கிய தொல்லியல் துறை அகழாய்வில் கிடைத்த தாழிகளில் பலவற்றை இருந்த குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டு, 2023இல் திறந்துவிட்டார்கள். நல்ல முடிவு. கண்ணாடி வழியே குனிந்து பார்த்தால் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு தாழிகள். சிலவற்றின் வாய் உடைந்து உள்ளே மண் தெரிகிறது, பக்கத்திலேயே சிறு சிறு கலயங்கள். கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் இரண்டும் தரையில் படுத்து மூக்கை அழுத்திப் பார்த்தார்கள். கண்டெடுத்தவை எல்லாம் கண்டெடுத்த மேட்டிலேயே இருக்க வேண்டும் என்று அங்கே நிற்கும் எவருக்கும் தோன்றும். பொன் நெற்றிப்பட்டத்தைப் பார்க்க இந்த ஊர்ப் பிள்ளை சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

மாலையில் தென்திருப்பேரை. பெருமாள் சிறுவர்கள் விளையாடுவதைப் பார்க்க விரும்பியதால் கருடன் நேர் எதிரே நிற்காமல் சற்று விலகி நிற்கிறார் என்பது அங்கே சொல்லும் கதை. அதைக் கேட்டதும் பிள்ளைகள் உண்மையிலேயே ஓடி விளையாடத் தொடங்கிவிட்டார்கள், யாரும் தடுக்கவில்லை. கடைசியாக ஆழ்வார்திருநகரியில் உறங்காப்புளி, நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் புளியமரம். நேரம் இருந்தால் கொற்கையையும் சேர்க்கலாம். சங்கப் பாடல்களில் முத்துக்குப் பேர் போன துறைமுகம். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்கிவிட, இன்று வாழைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே ஒரு சிற்றூர். குளக்கரையும் பழைய வன்னி மரமும் தவிரப் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. தமிழ் படித்தவர்களை மட்டும் அழைத்துப் போங்கள்.

தேரிப் பக்கத்து நாள் வேறு மாதிரி. திருச்செந்தூர் சுமார் 40 கிலோமீட்டர். முக்காணியில் ஆற்றுப் பாலம் ஏறி இறங்கினால் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால், பிறகு ஆறுமுகநேரி உப்பளம், காயல்பட்டினம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பக்கம் பட்ட பாட்டை நாடே பார்த்தது. அண்ணாச்சி ஏரலைத் தாண்டும்போது தண்ணீர் நின்ற உயரத்தைக் கடைச் சுவரில் கைகாட்டினார், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

2025 ஜூலைக் குடமுழுக்குக்குப் பிறகு திருச்செந்தூரில் கூட்டம் இன்னும் கூடிவிட்டது. விடியலில் போய்விட வேண்டும். முடியாவிட்டால் மதியம் போகலாம், இங்கே நண்பகலில் நடை சாத்துவதில்லை. வெயில் நேரத்தை வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் இந்தச் சுற்றில் கிடையாது. சஷ்டி, பௌர்ணமி, விசாகம் ஆகிய நாள்களில் முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்துப் போக வேண்டாம். பன்னீர் இலை விபூதியை வாங்கி உடனே மடித்துப் பைக்குள் போட்டுவிடாமல் ஒருமுறை விரித்துப் பாருங்கள், இலையின் நரம்புகளைப் பன்னிரண்டு என்று எண்ணிக் காட்டுவார்கள்.

திருச்செந்தூரை விட்டு உள்பக்கம் திரும்பினால் தேரி. வெளியூர்க்காரர்கள் வாய் பிளப்பது இங்கேதான். சாலையின் இரு பக்கமும் குங்குமத்தைக் கொட்டியது போல மணல் மேடு. அதன் மேல் பனையும் முந்திரியும். மணலில் படிந்திருக்கும் இரும்புச் சத்துதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். கையில் அள்ளினால் மாவு போல நழுவும், உதறினாலும் விரலிடுக்கில் நிறம் தங்கும். ஆனி, ஆடிக் காற்றில் மேடுகள் இடம் மாறுவதுண்டு. அதை நிறுத்தத்தான் வனத்துறை மரங்களை நட்டுப் பிடித்து வைத்திருக்கிறது. மேலப்புதுக்குடியில் தேரிக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். அத்தனை வறட்சிக்கு நடுவில் ஒரு சுனை. பங்குனி உத்திரத்தன்று குலதெய்வம் கும்பிட வரும் குடும்பங்களால் காடே நிறைந்திருக்கும். மற்ற நாள்களில் அமைதியாகப் பார்த்துவிட்டு வரலாம். பிளாஸ்டிக் தட்டுகளையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் அங்கேயே போட்டுவிட்டு வருகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

பதநீர்க் காலம் என்றால் வண்டியை நிறுத்துங்கள். பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித் தருவார்கள். அதிலேயே நுங்கையும் கீறிப் போடச் சொல்ல வேண்டும். பட்டையின் இரு முனையையும் இரண்டு கையாலும் பிடித்து உதட்டில் வைத்தால் பச்சை ஓலை வாசனை முதலில் வரும், இனிப்பு பிறகுதான் வரும். வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும். மதியத்துக்கு மேல் விற்பதை அண்ணாச்சி குடிக்க விடமாட்டார். கருப்பட்டிக்கு உடன்குடி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. சாலையோரக் கடைகளில் சீனி கலந்ததும் விற்கிறார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே பளபளவென்று படிகம் மின்னினால் அதை வாங்காதீர்கள் என்று அண்ணாச்சி சொல்லித்தந்தார். சுக்கும் மிளகும் போட்ட சில்லுக் கருப்பட்டி ஊருக்கு எடுத்துப் போக ஏற்றது.

குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மனைக் கும்பிட்டுவிட்டு நகரலாம். 2024 பிப்ரவரியில் இஸ்ரோ ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய பிறகு பிள்ளைகள் இந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருகிறார்கள். தசராவை ஒட்டி மட்டும் இந்தச் சாலையில் கார் எடுத்துக்கொண்டு வராதீர்கள். வேடம் கட்டிய பக்தர்கள் வெள்ளத்தில் வண்டி நகராது.

மணப்பாட்டுக்கு மாலை நான்கரை மணிக்குள் போய்விட வேண்டும், அதற்குப் பின் போவதில் பொருளில்லை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். மேலே நின்றால் ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் அசையாத உப்பங்கழி. கழிமுகத்தில் நாட்டுப் படகுகள், அதற்கு அப்பால் ஊர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை குன்றின் கடல் பக்கச் சரிவில் இருக்கிறது. உள்ளே ஒரு கிணறு, அலை எட்டும் தூரத்தில் நல்ல தண்ணீர். அத்தை அதை உள்ளங்கையில் வாங்கிக் குடித்துவிட்டு, திருச்செந்தூர் நாழிக்கிணற்றையும் இதையும் சேர்த்து ஒரே பேச்சாகப் பேசினார். செப்டம்பர் 14 திருவிழா சமயத்தில் நிற்க இடம் கிடைக்காது. கடற்கரை ஊர்க்காரர்களின் பிழைப்புக் களம், அதை நினைவில் வையுங்கள். வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்ட வேண்டாம்.

வடக்குப் பக்கம் ஒரு நாள் இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது நிற்பது 1974இல் எழுப்பிய நினைவுக் கோட்டை. பழையதை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிவிட்டார்கள். பக்கத்தில் வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, மணிமண்டபம், முத்துசுவாமி தீட்சிதர் சமாதி. பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் இவற்றை வரிசையாகக் காட்டலாம், ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் போதும். என்னைப் பொறுத்தவரை அந்த நாளின் முழு மதிப்பும் கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்குத்தான். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர்கள் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பகுதியை முடிக்காமல் விட்டுவிட்டார்கள். மேலே மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியின் விரல் மடிப்புவரை தெரிகிறது. கீழே உளி போட்ட தழும்போடு வெறும் கல். சற்றுத் தள்ளிப் பாறை முகத்தில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படிகள் ஒத்துவராது. அத்தை கீழே முருகன் கோயிலில் இருந்துகொண்டார். முதல் வேலையாக, காலை வெயில் ஏறுமுன் இங்கே வந்துவிட்டு, எட்டயபுரத்தையும் பாஞ்சாலங்குறிச்சியையும் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். போகிற போக்கில் கோவில்பட்டியில் கடலைமிட்டாய்.

பணத்தைப் பற்றி. வேனில் தலைக்கு ஒரு தொகை, அது மலிவாகத்தான் தெரியும். ஆனால் நான்கு பேர் சேர்ந்து வேனுக்குக் கொடுப்பதையும் ஒரு காருக்குக் கொடுப்பதையும் கூட்டிப் பாருங்கள், வித்தியாசம் ஒரு மதியச் சாப்பாட்டுக்குமேல் வராது. கார் பேசும்போது சிலவற்றை முதலிலேயே தெளிவாகக் கேளுங்கள்: நாள் வாடகையா கிலோமீட்டர் கணக்கா, குறைந்தபட்ச கிலோமீட்டர் எத்தனை, கணக்கு உங்கள் வீட்டிலிருந்தா அவர்கள் ஷெட்டிலிருந்தா, ஏ.சி. நாள் முழுதும் ஓடுமா, ஓட்டுநர் பேட்டா சேர்த்தா தனியா, வாகைக்குளம் சுங்கச்சாவடி யார் கணக்கு. எங்கள் அண்ணாச்சி இவை எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். இரவு இறங்கும்போது அதே தொகைதான். குறை என்று சொன்னால் ஒன்று உண்டு. விசேஷ நாள்களில் அவர் கிடைக்க மாட்டார், இரண்டு வாரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். வண்டியும் பழையது, பின் இருக்கையில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் நெருக்கம்தான்.

தனியாகப் போகிறவர்களுக்குக் காரே தேவையில்லை. திருச்செந்தூருக்குப் பழைய பஸ் நிலையத்திலிருந்து அடிக்கடி பஸ் இருக்கிறது. திருநெல்வேலி–திருச்செந்தூர் பாசஞ்சர் ரயில் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் வழியாகத்தான் போகிறது, ஜன்னலோரம் கிடைத்தால் வழி நெடுக வாழையும் வயலும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருநெல்வேலியிலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் நவதிருப்பதிக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறது. பக்தியோடு ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள் அதில் போகலாம். அன்று கோயில்களில் நடை திறப்பதும் அதற்கேற்ப இருக்கும்.

ராமேஸ்வரத்தையும் இதே மாதிரி ஒரே நாளில் முடித்துத் தரும்படி போன விடுமுறையில் மைத்துனர் கேட்டார். வாடகை கூடுதலாகக் கிடைக்கும் வேலை. அண்ணாச்சி மறுத்துவிட்டார். போக மட்டுமே காலை முழுக்கப் போய்விடும், தீர்த்தமாட நேரமில்லை, இரவில் தூக்கக் கலக்கத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தான் வண்டி ஓட்ட மாட்டேன், ஓர் இரவு தங்குவதாக இருந்தால் கூப்பிடுங்கள் என்றார். மைத்துனர் இப்போது தை மாதத்துக்கு இரண்டு நாள் பயணமாகச் சொல்லி வைத்திருக்கிறார்.